போர்ப்பகுதி மருத்துவப் பணி: டெல்டாவிலிருந்து கிளம்பும் மருத்துவர், செவிலியருக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரிகளிலோ நாகப்பட்டினம், கும்பகோணம் ஜிஹெச்சிலோ கேஷுவாலிட்டியில் இரண்டு மூன்று வருடம் ராத்திரி டியூட்டி பார்த்தவருக்குக் கை தானாக ஓடும். விபத்து, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர், எலிக்காய்ச்சல் எல்லாம் பார்த்திருப்பார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பள்ளிக்கூட முகாம்களில் வேலை செய்தவர் என்றால், கரண்ட் இல்லாமல் மருத்துவம் பார்க்கவும் தெரிந்திருக்கும். போர்ப்பகுதிக்குப் போக இதெல்லாம் பெரிய பலம்.

ஆனால் அதே ஜிஹெச் கற்றுக்கொடுத்த மூன்று பழக்கங்கள் அங்கே ஆளைக் கொல்லும். காயம் என்றால் உடனே தையல். வயிற்றுப்போக்கு என்றால் உடனே டிரிப்ஸ். யார் கூட்டம் அதிகம் சத்தம் போடுகிறதோ அவர்களுக்கு முதலிடம். இந்த மூன்றையும் ஊரிலேயே கழற்றிவிட்டுப் போக வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதி அதற்குத்தான்.

கிளம்பும் முன்

பதிவு பெற்ற மனிதாபிமான அமைப்புகள் பொதுவாகப் படிப்பு முடிந்து குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும். ஆங்கிலம் கட்டாயம். பிரெஞ்சோ அரபியோ கொஞ்சம் தெரிந்தால் கதவு சீக்கிரம் திறக்கும். மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு, செவிலியர் என்றால் நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவு காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அரசு வேலையில் இருப்பவருக்கு லீவும் என்ஓசியும் (ஆட்சேபணையில்லாச் சான்று) கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். நேர்காணலுக்கு முன்பே அந்தக் கோப்பை நகர்த்திவிடுங்கள். போகும் நாட்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் பயணத் தடை இருக்கிறதா, வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டுமா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும் என்பதால் டிக்கெட் போட்ட பிறகு ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, டிடி, காலரா, டைபாய்டு, ரேபிஸ் ஊசிகளையும் கணக்குப் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி-க்கு மட்டும் ஆறு மாதம் பிடிக்கும்.

வாசலும் சின்னமும்

போரில் காயம்பட்டவர் எந்தப் பக்கத்தவர் என்றாலும் சிகிச்சை பெற உரிமை உண்டு. மருத்துவரையும் மருத்துவமனையையும் தாக்கக் கூடாது. 1949 ஆகஸ்ட் 12 ஜெனீவா ஒப்பந்தங்களின் சாரம் இது. இந்தியாவில் இதற்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி செஞ்சிலுவைச் சின்னத்தை அனுமதி இல்லாமல் பயன்படுத்துவது குற்றம். நம் ஊரில் கிளினிக் போர்டு, மெடிக்கல் ஷாப், டாக்டர் கார் என்று எங்கு பார்த்தாலும் சிவப்புக் கூட்டல் குறி. இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை. போர்ப்பகுதியில் அந்தச் சின்னத்தின் மேல் சந்தேகம் விழுந்தால் ஆம்புலன்ஸ் மேல் குண்டு விழும்.

சின்னம் கேடயம் ஆகிவிடாது. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை அமெரிக்க விமானத் தாக்குதலில் அழிந்தது. 42 பேர் இறந்தார்கள். அந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளிகளைச் சம்பந்தப்பட்ட தரப்புகளுக்கு முன்பே கொடுத்திருந்தார்கள். எனவே வார்டில் இவற்றையும் செய்ய வேண்டும்: கட்டில்களை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுதல், கண்ணாடியில் சிதறாமலிருக்கப் பிளாஸ்டிக் படலம் ஒட்டுதல், உள்பக்க அறை ஒன்றை மணல்மூட்டை அடுக்கிப் பாதுகாப்பு அறையாக வைத்தல், அதற்குள் தண்ணீர், டார்ச், ரேடியோ வைத்தல்.

வாசலில் ஆயுதம் வாங்கி வைக்கும் இடம் இருக்கும். உள்ளே ஒரு துப்பாக்கி வந்தாலும் அந்த இடத்தின் நடுநிலை போயிற்று. இதில் தளபதி, தம்பி என்ற வேறுபாடு கிடையாது.

இங்கிருந்து போகிறவர் தடுக்கி விழும் இன்னொரு இடம் பதிவேடு. நம் கேஷுவாலிட்டியில் வெட்டுக்காயம், துப்பாக்கிக் காயம் என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட்டுப் போலீசுக்குத் தகவல் அனுப்புவது அனிச்சையாகவே நடக்கும். அங்கே எந்தப் படை கேட்டாலும் நோயாளிகள் பட்டியலைக் கொடுக்கக் கூடாது. கேட்பவரை மரியாதையாக உட்காரவைத்து, அணித் தலைவரிடம் அனுப்புங்கள். அந்த ஊர்ச் சட்டம் என்ன கேட்கிறது, அமைப்பு அதை எப்படிக் கையாள்கிறது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டமாக வரும்போது

தண்ணீர் குறைந்த வருடத்தில் முறைப் பாசனம் வைப்பதைப் போலத்தான் ட்ரையாஜ், அதாவது யாருக்கு முதலில் சிகிச்சை என்று வகை பிரிப்பது. யார் கேட்டார் என்று பார்த்தால் கடைமடை காய்ந்துவிடும்.

செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனைகளில் நான்கு வகை. முதல் வகை: உடனே ஆபரேஷன் செய்தால் பிழைப்பார், தாமதித்தால் போய்விடுவார். இரண்டாம் வகை: ஆபரேஷன் வேண்டும், சில மணி நேரம் பொறுக்கலாம். மூன்றாம் வகை: சிறு காயம், நடந்து வந்தவர். நான்காம் வகை: என்ன செய்தாலும் பிழைக்க வாய்ப்பு மிகக் குறைவு. இவருக்கு வலி மருந்தும் பக்கத்தில் ஓர் ஆளும்.

நான்காம் வகைதான் புதியவரை உடைக்கும். தலையில் குண்டு பாய்ந்து நினைவே இல்லாத ஒருவருக்கு இருக்கும் ஒரே தியேட்டரை மூன்று மணி நேரம் கொடுத்தால், வயிற்றில் ரத்தம் கசியும் இரண்டு பேர் வெளியே இறப்பார்கள். முடிவை எடுப்பவர் அணியிலேயே அனுபவம் கூடியவராக இருக்க வேண்டும். அவர் கையில் கையுறையும் மார்க்கரும் மட்டும் இருக்கட்டும், ஊசி வேண்டாம். அவர் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டால் வரிசை நின்றுவிடும். நோயாளியின் நிலை மாறும் என்பதால் வகையும் மாறும். ஒரு சுற்று முடிந்ததும் முதல் ஆளிடமிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

கத்துகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்று பொருள். சத்தமில்லாமல் மூலையில் கிடப்பவரிடம் முதலில் போங்கள்.

காயம்: தையல் போடாதீர்கள்

குண்டும் சிதறலும் வெளியே காட்டுவதைவிட உள்ளே அதிகம் கிழிக்கும். துணி, மண், புல் எல்லாம் தசைக்குள் போயிருக்கும். மிதிவெடியில் பாதம் போனவருக்குச் சேறு தசை இடுக்குகள் வழியே முழங்கால் வரை ஏறியிருக்கும். அதன் மேல் தோலை இழுத்துத் தைத்தால் காற்றில்லாத பை கிடைக்கிறது. தசையை அழுகவைக்கும் கேஸ் கேங்ரீனுக்கும் டெட்டனஸுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

2009-இல் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து காயம்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்பாடு செய்த கப்பலில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இந்திய மருத்துவக் குழு புல்மோட்டையில் கள மருத்துவமனை அமைத்தது. அப்படிக் கடல் கடந்து வருகிற காயம் புதுக் காயமாக இருக்காது. போர்க்காயத்தை எப்போதும் அழுக்கான, பழைய காயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ரத்தம். நேரடி அழுத்தம் போதவில்லை என்றால் டூர்னிகே, அதாவது ரத்தத்தை நிறுத்தும் இறுக்குக் கட்டு. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் கட்ட வேண்டும். தயார்ப் பட்டை இல்லையென்றால் 4 செ.மீ.க்குக் குறையாத அகலத்தில் மடித்த சேலைத் துண்டும் முறுக்க ஒரு குச்சியும் போதும். கயிறு, ஒயர் வேண்டாம். அவை நரம்பை அறுக்கும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ பட்டையிலோ எழுதுங்கள். 2 மணி நேரத்துக்குள் தியேட்டருக்குப் போக வேண்டும். 6 மணி நேரம் தாண்டி வந்த கட்டைத் தியேட்டருக்கு வெளியே அவிழ்க்கக் கூடாது. தளர்வாகக் கட்டுவது கட்டாமல் இருப்பதைவிட மோசம். சிரை அடைபடும், தமனி ஓடும், ரத்தம் இன்னும் கூடும்.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில் சிரை வழியாக. காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள் மட்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பது கூடக்கூடும். பென்சிலின் சீக்கிரம் தொடங்க வேண்டும். டிடி ஊசி எல்லோருக்கும். தடுப்பூசி போட்ட விவரம் தெரியாதவருக்கு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினும் மறுகையில்.

அடுத்து தியேட்டர். மயக்கத்துக்குக் கெட்டமின்தான் அங்கே ராஜா. சிரை வழியாகக் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. மெதுவாக, தசையில் என்றால் 5 முதல் 10 மி.கி. பெரும்பாலும் மூச்சும் ரத்த அழுத்தமும் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் தலைமாட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விழிக்கும்போது சிலர் அலறுவார்கள். அமைதியான மூலையும் கொஞ்சம் டயஸிபாமும் உதவும்.

காயத்தைச் சுற்றிச் சோப்பும் பிரஷும் போட்டுக் கழுவி, உள்ளே குடிக்கத் தகுந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றுங்கள். ஸ்டெரைல் சலைன் தீர்ந்துவிட்டதே என்று நிற்க வேண்டாம். தோலை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். தோல் உறுதியானது, பிழைத்துக்கொள்ளும். உள்ளே பார்க்கக் கை கால் நீளவாக்கில் கீறி, தசையுறையை அதைவிட நீளமாகத் திறக்க வேண்டும். செத்த தசையை நான்கு விதமாகச் சோதிக்கலாம்: நிறம் மங்கியிருக்கும், தொட்டால் கொழகொழக்கும், கிள்ளினால் சுருங்காது, வெட்டினால் ரத்தம் வராது. அதை முழுக்க எடுத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டிராத எலும்புத் துண்டையும் எடுங்கள். நரம்பிலும் தசைநாரிலும் கை வைக்க வேண்டாம். குண்டைத் தேடி அலைய வேண்டாம். அது மூட்டுக்குள் இருந்தால் மட்டும் எடுக்க வேண்டும். மற்ற இடத்தில் அது கிடப்பதால் வரும் கேட்டைவிடத் தேடுவதால் வரும் கேடு அதிகம்.

பிறகு திறந்தே விடுங்கள். உலர்ந்த காஸை உதறி, தளர்வாக நிரப்பி, மேலே கனமாகப் பஞ்சு வைத்துக் கட்டி, எலும்பு முறிந்திருந்தால் பாதி மாவுக்கட்டு போடுங்கள். காஸை இறுக்கித் திணித்தால் அதுவே மூடியாகிச் சீழை உள்ளே நிறுத்திவிடும். முகம், தலைத்தோல் இரண்டுக்கும் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சுத்தம் செய்ததும் தைக்கலாம். நெஞ்சுச் சுவர் ஓட்டை, வயிற்று உள்ளுறை, மூட்டு உறை, மூளை உறை ஆகியவற்றையும் மூட வேண்டும். மற்றதெல்லாம் திறந்திருக்கட்டும்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி: நான்கு ஐந்து நாள் கட்டைத் தொடாமல் இருப்பது. நம் வார்டில் காலை ரவுண்டுக்கு முன்பே டிரெஸ்ஸிங் டிராலி கட்டில் கட்டிலாகப் போகும். கட்டு மாற்றாத நர்ஸைச் சோம்பேறி என்பார்கள். போர்க்காயத்தில் ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் வார்டின் கிருமிகள் உள்ளே போகும், புதிதாக வளரும் திசு பிய்ந்து வரும். மூன்றாம் நாள் கட்டு நனைந்து, புளித்த அமோனியா நாற்றம் வரும். அது காயத்தில் கசிந்த நீர் காய்வது, பயப்பட வேண்டியதில்லை. மேலே இன்னும் பஞ்சு வைத்துச் சுற்றினால் போதும். அழுகிய நாற்றம், ஏறும் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, புது ரத்தம் என்றால் மட்டும் தியேட்டருக்குக் கொண்டுபோய், மயக்கம் கொடுத்துப் பிரிக்க வேண்டும். இரண்டு நாற்றத்தையும் மூக்கு பிரித்தறிய ஒரு வாரம் ஆகும். பழைய செவிலியர் பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளுங்கள்.

நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் பிரிக்கும்போது தசை சிவப்பாகச் சுருங்கி, லேசாக ரத்தம் கசிந்தால் இழுவிசை இல்லாமல் தைக்கலாம். அழுக்கிருந்தால் மறுபடி சுத்தம் செய்து, மறுபடி திறந்து விட வேண்டும்.

வயிற்றுப்போக்கு: டிரிப்ஸ் யாருக்கு, ஓஆர்எஸ் யாருக்கு

முகாம்களில் குண்டைவிடப் பேதி அதிகம் கொல்வதுண்டு. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையோர ஊரான போன்காவில் டாக்டர் திலீப் மஹாலானபிஸின் குழுவுக்கு டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து, நோயாளியின் உறவினரையே ஊட்டச் சொன்னார்கள். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இன்று நாம் கிழிக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டுக்கு உலகம் நம்பிக்கை கொடுத்தது அந்தப் போர் முகாம்தான். ஆனாலும் நம் ஊரில் "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்" ஓயவில்லை.

கண் உள்ளே போயிருக்கிறது, தாகத்தோடு குடிக்கிறார், தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்புகிறது என்றால் நடுத்தர நீரிழப்பு. கிலோவுக்கு 75 மி.லி. ஓஆர்எஸ், 4 மணி நேரத்தில். 10 கிலோக் குழந்தைக்கு 750 மி.லி. டம்ளரில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். தேக்கரண்டியில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு வாய். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

மயக்கம், நாடி பிடிபடவில்லை, குடிக்கவே முடியவில்லை என்பவர்களுக்குத்தான் டிரிப்ஸ். ரிங்கர் லாக்டேட் கிலோவுக்கு 100 மி.லி. ஒரு வயதுக்கு மேற்பட்டவருக்கு முதல் 30 மி.லி. அரை மணியில், மீதி 70 மி.லி. இரண்டரை மணி நேரத்தில். 60 கிலோ ஆளுக்கு முதல் அரை மணியில் மட்டும் 1.8 லிட்டர் போக வேண்டும். அதனால் இரண்டு கையிலும் பெரிய ஊசி வேண்டும். கைக்குழந்தைக்கு 30 மி.லி. ஒரு மணியில், 70 மி.லி. 5 மணி நேரத்தில். புதியவர்கள் சொட்டுச் சொட்டாக விட்டு ஆளை இழப்பது இந்த இடத்தில்தான். 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் உள்ள பாட்டிலால் பயனில்லை, அதில் உப்பு கிடையாது. வாயால் குடிக்க முடிந்த நிமிடத்திலிருந்து ஓஆர்எஸ்ஸும் கூடவே ஓடட்டும். எலும்பும் தோலுமான குழந்தைக்கு இந்த வேகம் கூடாது. அதன் இதயம் தாங்காது. மெலிந்த குழந்தைக்கான தனிக் கரைசலை, தனி அட்டவணைப்படி கொடுக்க வேண்டும்.

காலரா கட்டிலில் நடுவே ஓட்டை இருக்கும், கீழே லிட்டர் கோடு போட்ட வாளி. வாளியில் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவு திரும்ப உள்ளே போக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஜிங்க் தினம் 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாள் வரை. பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் நல்லது. இளநீரில் சோடியம் குறைவு என்பதால் காலராவுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

தண்ணீர்: ஊரிலேயே கை பழக்க வேண்டியது

மருத்துவர்கள் இதை வேறு யாரோ பார்ப்பார்கள் என்று விடுவார்கள். முகாமில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் இலக்கு, உயிர் தங்க 7.5 லிட்டர். காலரா மையத்தில் நோயாளி ஒருவருக்கு 60 லிட்டர். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, பிறகு 20 பேருக்கு ஒன்று.

ஜூனில் மேட்டூர் திறந்து கல்லணை தாண்டி வரும் புதுத்தண்ணீரை வெண்ணாற்றிலோ வாய்க்காலிலோ நாலைந்து பிளாஸ்டிக் வாளிகளில் பிடியுங்கள். பயிற்சிக்கு அதைவிட நல்ல கலங்கல் கிடைக்காது. லிட்டருக்கு 10 கிராம் படிகாரம் கரைத்து வைத்துக்கொண்டு, 20 லிட்டர் வாளிக்கு 100 மி.லி.யில் தொடங்கி வாளிக்கு வாளி கூட்டுங்கள். வேகமாகக் கலக்கி, பிறகு மெதுவாகக் கலக்கி, அசைக்காமல் வைக்க வேண்டும். எந்த வாளி குறைந்த அளவில் தெளிகிறதோ அதுதான் அளவு. தெளியாத தண்ணீரில் குளோரின் போட்டால் மண்ணே குளோரினைத் தின்றுவிடும்.

அடுத்து குளோரின். 30 விழுக்காடு பிளீச்சிங் பவுடர் 33 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் 1 விழுக்காடு கரைசல். தெளிவை மட்டும் எடுங்கள். தெளிந்த 20 லிட்டர் வாளிகள் நான்கில் 4, 6, 8, 10 மி.லி. ஊற்றி அரை மணி பொறுத்து, ஊராட்சி டேங்க் ஆபரேட்டர் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் கருவி) பாருங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. மிச்சம் காட்டும் வாளியின் அளவை டேங்குக்குப் பெருக்கிக்கொள்ளலாம். தரை துடைக்க, கழிவு வாளிக்கு 0.5 விழுக்காடு: லிட்டருக்கு 16 கிராம். கை கழுவ அதில் பத்தில் ஒன்று. எவர்சில்வர், அலுமினியத்தில் கரைக்காதீர்கள், அரிக்கும். பிரித்த மூட்டை நம் கடலோர ஈரத்தில் சில வாரத்திலேயே வீரியம் இழக்கும். அங்கும் அப்படித்தான். பவுடர் பழையது என்றால் கணக்குப் பொய்த்துவிடும். குளோரோஸ்கோப் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

குழந்தைகளும் கணக்கும்

முகாம் திறந்த முதல் வாரத்திலேயே தட்டம்மை ஊசி, 6 மாதம் முதல் 15 வயது வரை. 9 மாதத்துக்குள் போட்டது கணக்கில் சேராது, மறுபடி போட வேண்டும். கூடவே வைட்டமின் ஏ: ஒரு வயதுக்குள் 1 லட்சம் யூனிட், ஒன்று முதல் ஐந்து வயது வரை 2 லட்சம்.

6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு இடது மேற்கையின் நடுவில் அளவு நாடா. 115 மி.மீ.க்குக் கீழே என்றால் கடும் மெலிவு, 125-க்குக் கீழே நடுத்தரம். நாடாவை இறுக்கினால் நல்ல குழந்தையும் கடும் மெலிவைக் காட்டும் சிவப்பில் விழும். தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இரண்டு பாதத்திலும் கட்டைவிரலை 3 விநாடி அழுத்திப் பாருங்கள். குழி நின்றால், நாடா என்ன சொன்னாலும் அது கடும் ஊட்டக்குறைவு.

ஒரு நாளைக்கு 10,000 பேருக்கு ஓர் இறப்பு என்பது அபாயக் கோடு. ஐந்து வயதுக்குள் என்றால் இரண்டு. மருத்துவமனை ரெஜிஸ்டர் மட்டும் இதைச் சொல்லாது, டென்ட்டிலேயே இறப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். தினம் காலை ஓர் ஆளை இடுகாட்டுக்கு அனுப்பி, புதுக் குழிகளை, பெரியவரா குழந்தையா என்று நீளம் பார்த்து எண்ணி வரச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும்

மலேரியா தடுப்பு மாத்திரையை விமானம் ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள். டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் வந்த பிறகு 4 வாரம், அட்டோவகோன்-ப்ரோகுவானில் என்றால் 7 நாள். அதன் பிறகும் ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போய் வந்தீர்கள் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் காய்ச்சல் என்று போனால் டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு மூன்றுக்கும் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆப்பிரிக்க ஃபால்சிபாரம் மலேரியா ஓரிரு நாளில் மூளைக்கு ஏறும். அன்றே மலேரியா ஸ்மியர் (ரத்தத்துளிப் பரிசோதனை) எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். முதல் ஸ்மியர் நெகட்டிவ் என்றால் 12 மணி நேரம் கழித்து இன்னொன்று.